கதவு எந்தப் பக்கம்?

"யாரைக் கேட்டு அழிச்ச, யக்கா?"

கணேசபாண்டியன் கேட்டான். பேராச்சி தரையில் மிச்சமிருந்த சுண்ணாம்புக் கோட்டையும் காலால் தேய்த்துவிட்டு, வேறு பக்கம் கோடு இழுத்தாள்.

தாராவியில் அவர்கள் சந்துக்குப் புதிய பொதுக் கழிப்பறை வருகிறது. "பயன்படுத்தப் போறது நீங்க. நீங்களே வரையுங்க" என்று சுண்ணாம்புப் பொடியைக் கொடுத்திருந்தாள் என்ஜினியர் லிசா. காலையிலிருந்து சந்தே கூடி, காலி இடத்தில் நிஜ அளவில் வரைந்துகொண்டிருந்தது.

எல்லாவற்றிலும் சண்டை. ஒன்றில் மட்டும் ஒற்றுமை: கதவு யார் வீட்டையும் பார்க்கக் கூடாது. பின்னால், மதில் பக்கம் இருக்கட்டும்.

அந்தக் கதவுக் கோட்டைத்தான் பேராச்சி அழித்தாள். புதுக் கோடு அவள் வீட்டு வாசலுக்கு நேராக இருந்தது.

கோகிலவாணி சிரித்தாள். "மதினிக்கு யாவாரக் கணக்கு. வாசல்ல இட்லிக் கடை இருக்குல்லா. காலைல லைன்ல நிக்கவன் பூரா அங்கதான திங்கணும்?"

"கக்கூஸ் சாவியும் கைக்கு வந்துரும். அப்புறம் அவ நாட்டாமைதான்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

லிசா அருகில் வந்தாள். "அக்கா, கட்டினப்புறம் மாத்த முடியாது. வாடை வரும். உங்க வாசல்ல யாரும் நின்னு சாப்பிட மாட்டாங்க."

"தெரியும் தாயி."

பேராச்சி கோகிலவாணியின் பக்கம் திரும்பினாள்.

"ஏட்டி, பொழுது சாஞ்சா உன் மக தண்ணி குடிக்க மாட்டேங்கா. கவனிச்சியா?"

கோகிலவாணி மகளைப் பார்த்தாள். மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். அவளோடு நின்ற பெண்களும் குனிந்துகொண்டார்கள்.

"பழைய கக்கூஸ் மாதிரி இதையும் மறைவுல வச்சா, இனியும் குடிக்க மாட்டாளுவ. நான் சாமத்துலயே எந்திச்சு அடுப்புப் பத்த வைக்கவ. என் வாசல்ல லைட்டு எரியும். நானும் முழிச்சிருப்பேன்."

கோகிலவாணி சுண்ணாம்பை அள்ளி, பேராச்சி இழுத்த கோட்டின் மேலேயே அழுத்தமாக இன்னொரு கோடு போட்டாள்.

"அப்போ உன் கடை?" கணேசபாண்டியனின் குரல் இறங்கியிருந்தது.

"இட்லிக் கூடையத் தூக்கிட்டு நான் மாட்டுங்கா ஸ்டேஷன் வரைக்கும் நடந்துக்கிடுவேன். இவளுவ ராத்திரில பயந்து நடக்கப்படாது."