மேனேஜர் கொடுத்த பாட்டில்

"இதை யாரு குடிச்சா?"

அடுப்படி வாசலில் நின்று தங்கதுரை கேட்டார். கையில் காலி ஒயின் பாட்டில்.

"யாரும் குடிக்கலப்பா," என்றாள் மகள் செல்வப்பிரியா. "அம்மா குழம்புல ஊத்திட்டாங்க."

அடுப்பு முன்னால் நின்ற கத்தரீனாள் திரும்பவே இல்லை.

சின்னக்கானல் எஸ்டேட் பாக்டரியில் தங்கதுரை சூப்பர்வைசர். பழைய மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது பிரியமாகக் கொடுத்துவிட்டுப் போன பிரான்ஸ் ஒயின் அது. மகளின் கல்யாணப் பேச்சு அன்றைக்குத்தான் திறப்பது என்று பத்திரமாக வைத்திருந்தார்.

அந்த நாள் இன்றைக்குத்தான். மாப்பிள்ளையின் அப்பா பூபதிராஜாவும் அம்மா சிசிலியும் மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள். பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. பெரியவர்கள் சம்மதம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

பூபதிராஜா மூணாறு பக்கம் ஒரு ரிசார்ட்டில் பார் இன்சார்ஜ். ஒயினை மோந்து பார்த்தே ஊர் பேரைச் சொல்லிவிடுவார் என்று பேச்சு. அவரிடம்தான் தங்கதுரை போனில், "பிரான்ஸ் ஒயின் வச்சிருக்கேன் அண்ணாச்சி, வாங்க" என்று பெருமையடித்திருந்தார்.

"செல்போன்ல ஒரு அம்மா மாட்டுக்கறிக்கு ஒயின் ஊத்திச் சமைச்சாங்க. கறி முங்குற அளவுக்கு ஊத்தணும்னாங்க," கத்தரீனாள் மெதுவாகச் சொன்னாள். "நம்ம ஞாயித்துக்கிழமை பாட்டில்னு நெனச்சு எடுத்துட்டேன். கண்ணாடி போடல."

ஞாயிற்றுக்கிழமை பாட்டில் என்பது பிவரேஜ் எனும் அரசு மதுக்கடையில் கீழ்த்தட்டில் இருக்கும் விலை குறைந்த சிவப்பு ஒயின். சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் கறிச்சோற்றோடு ஆளுக்கு அரை கிளாஸ். அன்று முழுக்க வீட்டில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும்.

கத்தரீனாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

தங்கதுரை குழம்புச் சட்டியைத் திறந்தார். ஒரு துண்டு எடுத்து ஊதி வாயில் போட்டார். மென்றார். இன்னொரு துண்டு எடுத்தார்.

"ஏ புள்ள, இப்படி ஒரு குழம்ப நான் ஆயுசுக்கும் தின்னதில்ல. பிரான்ஸ்காரனே வந்து கேப்பான் போல," என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கத்தரீனாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அவருகிட்ட என்னப்பா சொல்லப்போறீங்க?"

"புனல எடு."

ஞாயிற்றுக்கிழமை ஒயின் பிரான்ஸ் பாட்டிலுக்குள் இறங்கியது.

பூபதிராஜா வந்ததும் பாட்டிலைத்தான் பார்த்தார்.

"தெறந்தாச்சா?"

"காத்துப் படட்டும்னு காலையிலயே தெறந்து வச்சுட்டேன் அண்ணாச்சி."

"அதான் முறை."

கிளாஸில் ஊற்றினார் தங்கதுரை. பூபதிராஜா கிளாஸைச் சுழற்றினார். மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். கத்தரீனாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அருமையான ஒயின் அண்ணாச்சி. இதெல்லாம் லேசுல கெடைக்காது."

செல்வப்பிரியா அடுப்படிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலேயே வந்த அம்மாவிடம், "ரிசார்ட்ல இத்தன வருசமா என்னத்தத்தான் ஊத்திக் குடுத்தாரோ," என்றாள். "மாமா சும்மா பந்தா போல."

"ஸ்ஸ், கேட்டுரும்," என்ற கத்தரீனாளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அவித்த கப்பைக் கிழங்கும் குழம்பும் வந்தன. பூபதிராஜா முதல் வாய் வைத்ததும் நிறுத்தினார். கத்தரீனாளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குழம்பை மறுபடி மறுபடி கேட்டு வாங்கி, தட்டைக் கப்பையால் துடைத்துத் தின்றார்.

"தங்கச்சி, நீங்களும் ஒரு கிளாஸ் எடுத்துக்கிட்டு உக்காருங்க. சிசிலியும் குடிப்பா. என்ன கூச்சம்?"

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். தங்கதுரை பாக்டரிக் கதை சொன்னார். கத்தரீனாள் இடையில் புகுந்து திருத்தினாள். அவர் விட்டுக்கொடுத்தார். வீடே கலகலத்தது.

"போயிட்டுப் போன் பண்றோம்," என்று விடைபெற்று, தேயிலைக்காட்டுப் பாதையில் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள் பூபதிராஜாவும் சிசிலியும்.

"ஏங்க, அது அவ்வளவு ஒசத்தி ஒயினா? எனக்கென்னமோ நம்ம வீட்ல வாங்குற சாதா ஒயின் மாதிரிதான் இருந்துச்சு."

"அதேதான்."

சிசிலி நின்றுவிட்டாள். "அப்ப நம்மள ஏமாத்தியிருக்காங்க. இந்த வீட்லயா பொண்ணு எடுக்கணும்?"

"பிரான்ஸ் ஒயின் குழம்புல இருந்துச்சு சிசிலி. அந்தம்மா பாட்டில மாத்தி எடுத்து ஊத்திட்டாங்க போல."

"தெரிஞ்சுமா அருமை அருமைன்னு சொன்னீங்க?"

"வேற என்ன சொல்ல? ஒரு வார்த்த மாத்திச் சொன்னா அந்தம்மா தலை குனிஞ்சிருப்பாங்க."

சிசிலி மறுபடி நடக்கத் தொடங்கினாள். "சரி, அவுககிட்ட என்ன பதில் சொல்ல?"

"புருசன் பொத்திப் பொத்தி வச்சிருந்தத காலையில குழம்புல கொட்டிட்டு, மத்தியானம் அவன் பக்கத்துலயே உக்காந்து ஒரு பொம்பள இப்படிப் பயமில்லாமச் சிரிக்கிறா. அந்த வீட்ல வளந்த பிள்ளை நம்ம வீட்டுக்கு வரணும். இப்பவே போனப் போட்டுச் சம்மதம்னு சொல்லு."