பின்னால் வந்த பறவை

"இன்னிக்காவது வாத்தியார் திட்டாம விட்டாரா?" என்று கேட்டாள் தங்கை.

"பாராட்டினார்டீ!" அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. புகைப்பட வகுப்பில் அவள் காட்டிய படமெல்லாம் 'இறக்கை வெட்டுப்பட்டிருக்கு', 'கண்ணு தெளிவா இல்ல' என்றே திரும்பி வந்திருந்தன. இன்று, குறுக்கே ஓடிய மின்கம்பியை அழித்துத் திருத்திக் கொண்டுபோன கொக்குப் படம் நாளைய கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது.

"கொக்குக்குப் பின்னால, தூரத்துல பொட்டு மாதிரி ஒரு பறவை வருது பாரு. அதுதான் படத்துக்கே உயிராம். 'அதை மட்டும் அழிச்சிடாதே'ன்னார்."

தங்கை கணினியில் பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"புறாவுக்குப் பின்னாலயும் இதே பறவை வருதேக்கா?"

"வரட்டுமே, அதுக்கென்ன?"

"காக்காவுக்குப் பின்னாலயும் வருது. அதே மூலையில."

"உனக்குப் பொறாமைடீ."

"சரி, நான் பாத்திரம் தேய்க்கிறப்ப எடுத்தியே, அதுல நம்ம சமையலறைச் சுவர்லயும் பறக்குதே!"

அக்கா கேமராவின் லென்சைக் கழற்றி, கேமராவை விளக்கருகே பிடித்துப் பார்த்தாள். உள்ளே ஒரு தூசி ஒட்டிக்கொண்டிருந்தது. ஊத வாயைக் குவித்தாள்.

"பார்த்துக்கா," என்றாள் தங்கை. "படத்தோட உயிரே போயிடப் போகுது!"