பேச்சி கேட்ட வைத்தியம்

"கையை விடு பொன்னு. சனம் பூராம் நம்மளைத்தான் பாக்குது" என்றான் மொக்கச்சாமி.

பொன்னுமணி விடவில்லை. பொட்டிபுரத்தில் பஸ்சு ஏறும்போது புருசன் மணிக்கட்டைப் பிடித்தவள், போடியில் இறங்கிப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்த பிறகும் அப்படியேதான் பிடித்திருந்தாள்.

மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலிருந்து டாக்டர்கள் வந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம் போடுவார்கள். மனசு சரியில்லாதவர்களைப் பார்ப்பார்கள். கூட வந்த குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். ஊரில் அதற்குப் பெயர் பைத்தியக்கார முகாம்.

மொக்கச்சாமி துண்டை முகத்துக்கு ஏற்றிப் போட்டுக்கொண்டான். தெரிந்தவன் எவனும் வரிசையில் இருந்துவிடக் கூடாதே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

எல்லாம் இந்த வருசத்து வறட்சியில் வந்த வினை. கோடை மழை தப்பி, மலையில் அவன் வைத்த ஏலச்செடி அத்தனையும் தூரோடு காய்ந்துவிட்டது. அவன் யாரிடமும் ஒரு வார்த்தை புலம்பவில்லை. அவளுக்குத்தான் புத்தி பிசகிவிட்டது.

நல்லாயிருந்த கிணற்றுக் கயிற்றை அடுப்பில் வைத்து எரித்தாள். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத் தண்ணீர் கேட்டுப் போனாள். உள்ளறைக் கதவின் தாழ்ப்பாளைச் சுத்தியலால் அடித்துப் பெயர்த்தாள். காலையில் மலைக்குப் போகிற ஜீப்பில் அவன் ஏறினால் இவளும் ஆம்பளைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"என்னண்ணே, உங்களை எவளும் தூக்கிட்டுப் போயிருவாள்னு மதினிக்குப் பயமா?" என்று ஒருவன் கேட்க, ஜீப்பே சிரித்தது.

பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள்தான் விசயத்தைக் கண்டு சொன்னாள். மலைக்குப் போன இடத்தில் காட்டுச் சாமி பேச்சி அவளைப் பிடித்துவிட்டாளாம். கோடாங்கியைக் கூப்பிட்டு என்ன வேணும் என்று கேட்டுக் கொடுத்துவிட்டால், இறங்கிப் போய்விடுவாளாம்.

அமாவாசை என்ற கோடாங்கி வந்து உடுக்கை அடித்தார். பொன்னுமணி தலைமுடி அவிழ ஆடினாள். நீ யார் என்று கேட்டதற்குப் பேச்சி என்றாள். கோழி வேணுமா, கெடா வேணுமா என்று கேட்டார்.

"கெடாவும் வேணாம், கோழியும் வேணாம். போடியில முகாம் நடக்குதுல்ல, அங்க கூட்டிப் போகணும். தாலி கட்டினவன் கூடவே வரணும். கேக்குறதுக்கெல்லாம் ஒளிக்காமப் பதில் சொல்லணும். இல்லாட்டி இவளை விட மாட்டேன்."

அமாவாசை உடுக்கையைக் கீழே வைத்துவிட்டார். அவர் காலத்தில் சாராயம் கேட்ட பேச்சி உண்டு, சுருட்டுக் கேட்ட பேச்சி உண்டு. டாக்டரைக் கேட்ட பேச்சியை இப்போதுதான் பார்க்கிறார்.

"சாமி வாக்குப்பா. என்னால மீற முடியாது" என்று சொல்லிவிட்டு, வெத்தலை பாக்கைக்கூட வாங்காமல் போனார்.

அப்படித்தான் இந்த வரிசையில் வந்து நிற்க வேண்டியதாகிவிட்டது.

முறை வந்ததும் பொன்னுமணியை மட்டும் முதலில் உள்ளே கூப்பிட்டார்கள். குடும்பத்தாரிடம் பேசுகிற தேவகிருபை என்ற அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார்.

மொக்கச்சாமி வெளியே பெஞ்சில் உட்கார்ந்தான். மதுரைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்களோ? அடைத்துப் போடுவார்களோ? அவளும் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தான். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், மறுபடியும் எழுந்தான்.

ஒருவழியாக அவனையும் கூப்பிட்டார்கள்.

"இவங்க எப்படித் தூங்குறாங்க?" என்று கேட்டார் தேவகிருபை.

"அவ எங்க தூங்குறா? விடிய விடிய முழிச்சுக்கிட்டுத்தான் கெடக்கா. நான் பொரண்டு படுத்தா எந்திரிச்சு உக்காந்துக்கிறா."

"சாப்பாடு?"

"நான் வச்சது வச்சபடி எந்திரிச்சா, அவளும் எந்திரிச்சிர்றா."

தேவகிருபை நோட்டை மூடினார்.

"நீங்க ஏண்ணே தூங்கல? நீங்க ஏன் சாப்பிடல?"

செடி காய்ந்த நாளிலிருந்து ஒருத்தரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை. மழை வருமா, மறுபடி நடுவாயா என்றுதான் கேட்டார்கள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"என்னைய விடுங்கம்மா. நான் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. இவளுக்கு நல்ல மருந்தாக் குடுங்க. பைத்தியம் தெளிஞ்சாப் போதும்."

பொன்னுமணி அவன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் பேச்சியும் இல்லை, பிசகும் இல்லை. உலை வைக்கட்டுமா என்று கேட்கிறவளின் நிதானம்தான் இருந்தது.

"எனக்கு ஒண்ணுமில்ல மாமா. செடி காஞ்ச அன்னைக்குக் கெணத்து மேட்டுல கயித்தைக் கையில வச்சுக்கிட்டு நீங்க நின்ன நிலையைப் பார்த்தேன். போன மாசமே இங்க வந்து இந்தம்மாகிட்ட அழுதேன். ஆளைக் கூட்டிட்டு வாங்கன்னாங்க."

பொன்னுமணி மறுபடியும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வாசப்படியை மிதிச்சா ஊரு பைத்தியம்னு பேரு வச்சிரும். உங்களுக்கு அந்தப் பேரு வந்தா நீங்க தாங்க மாட்டீக. அதான் மாமா, அதை நான் வாங்கிக்கிட்டேன்."