சஹனில் வைக்காத கை

சஹன் என்னும் பெரிய தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தார்கள். மூன்று கைகள்தான் நெய்ச்சோற்றுக்குள் இறங்கின.

கோத்தகிரியில் பெண் வீட்டுக் கூடம். நிச்சயம் முடிந்த கையோடு சம்பந்திகள் ஒரே தட்டில் சாப்பிட்டு எழுந்தால்தான் பேச்சு உறுதி. மாப்பிள்ளை அயூப் மட்டும் வலது கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு தட்டைப் பார்த்தபடி இருந்தான்.

அவனுடைய அத்தா அபுபக்கர் ராவுத்தருக்கு முதுகு விறைத்தது.

குன்னூர் கடைவீதியில் அவர் குடும்பத்தை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அந்தக் குடும்பத்தில் முதல் ஆளாக ஒருவன் டாக்டருக்குப் படித்து, வெள்ளைக்காரர்களின் ஆஸ்பத்திரி ஒன்றில் பயிற்சியில் இருக்கிறான். அந்தப் பிள்ளையா சம்பந்தி வீட்டுத் தட்டில் கை வைக்க மறுப்பது?

"ஏனுங்க மாப்பிள்ளை, எங்க ஊட்டுச் சோறு உங்களுக்கு ஆகாதுங்களா?" என்றார் பெண்ணின் அத்தா ஹாஜா ராவுத்தர். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் பக்கத்துச் சஹன்களில் மெல்லும் சத்தம் நின்றுவிட்டது.

"கையை எடு, அயூப்" என்றார் அபுபக்கர்.

எடுத்தான்.

விரல்கள் சிவந்து, தோல் வெடித்து, செதில் செதிலாக இருந்தன. இரண்டு நகங்கள் கறுத்திருந்தன. கொஞ்ச நாளாகவே குளிர் என்று சொல்லிக் கம்பளிக் கையுறையோடுதான் அவன் வீட்டுக்கு வந்துபோனான். இந்த மலையில் அதை யார் தப்பாக நினைப்பார்கள்?

அந்த நோயின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நான்காவதாக உட்கார்ந்திருந்த பெண்ணின் தாய்மாமன் மட்டும் சோற்றிலிருந்து கையை இழுத்துக்கொண்டார்.

அபுபக்கர் இழுக்கவில்லை. இழுத்தால், பெற்றவனே பிள்ளையைத் தள்ளிவைத்ததாகிவிடும்.

"பெருநோய் இல்லீங்க மாமா" என்றான் அயூப். "எக்ஸ்ரே மிஷின் கதிர் பட்டுப் பட்டு இப்படி ஆயிருச்சுங்க."

பிறகு மெதுவாக விளக்கினான். நோயாளியைப் படம் எடுக்குமுன் மிஷின் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பயிற்சி டாக்டர்கள் தங்கள் கையைத்தான் நீட்டுவார்கள். திரையில் விரல் எலும்பு தெளிவாகத் தெரிந்தால் மிஷின் சரி. ஈயம் வைத்த கையுறை ஆணியில் தொங்குகிறது. அதைப் போட்டால் எலும்பு தெரியாது. போட்டவனைப் பயந்தாங்கொள்ளி என்றும் சிரிப்பார்கள். பெரிய டாக்டர் துரையும் அந்த வயதில் வெறுங்கையைத்தான் நீட்டினாராம்.

"தொத்துமுங்களா?" என்றார் தாய்மாமன்.

"தொத்தாதுங்க."

ஹாஜா ராவுத்தர் நீளமாக மூச்சுவிட்டார். "இதுக்காங்க இத்தனை பொத்திப் பொத்தி வச்சீங்க? அடுப்புலருந்து தேக்சாவ எறக்கற எங்க பொம்பளைக கையப் பாருங்க, இதவிட மோசமா வெந்துருக்கும்."

கூடமே சிரித்தது. தாய்மாமன் கை மறுபடி சோற்றில் இறங்கியது. ஹாஜா பெரிய கறித்துண்டு ஒன்றை அயூப் பக்கம் தள்ளினார். அயூப் சாப்பிட்டான்.

அபுபக்கர் மனசுக்குள் அல்லாவுக்கு நன்றி சொன்னார். அதற்குப் பிறகுதான் நெய்ச்சோற்றில் ஏலக்காய் வாசம் இருப்பதே அவருக்குத் தெரிந்தது.

"அப்படியே எம் பொண்ணு கையையும் அந்த மிஷின்ல ஒருக்கா வச்சுப் படம் புடிச்சுக் குடுங்க மாப்பிள்ளை" என்றார் ஹாஜா. "கண்ணாடி போட்டு ஊட்ல மாட்டிக்கறேன்."

அயூப் சட்டென்று தலையைத் தூக்கினான்.

"வேண்டாமுங்க மாமா. அவங்க கை அதுல படவே கூடாது. ஒருக்காக் கூட."

தாய்மாமன் ஹாஜாவைப் பார்த்தார். பிறகு ஹாஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். கட்டிக்கொள்ளப் போகிறவளின் கையை அந்நிய ஆண்கள் பார்க்கக் கூடாது என்கிறார் மாப்பிள்ளை என்று அவருக்குப் பட்டது. ரோசக்காரப் பிள்ளை. பெரியவர்கள் மெச்சித் தலையாட்டினார்கள்.

அபுபக்கருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. தன் ரத்தம் வேறெப்படிப் பேசும்? பெருமையோடு மகன் பக்கம் திரும்பினார்.

அயூப் சிரிக்காமல் இருந்தான். அத்தாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரித்தான்.