காயாத குடை

மனைவியின் உடல் கூடத்தில் இருக்க, ஆவுடையப்பன் வாசலில் நின்று, துக்கத்துக்கு வந்தவர்கள் போட்டிருந்த குடைகளை ஒழுங்காக விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

“இப்பமும் குடைதானா அத்தான்?” என்றார் மைத்துனர்.

அந்த வீட்டில் குடையைக் கண்டபடி விடமாட்டார்கள். நன்றாகக் காய்ந்த பிறகு, மடிப்பின் மேல் மடிப்பு வைத்து, இடப்பக்கமாகச் சுருட்டிப் பட்டையைப் போட வேண்டும்.

ஓரத்தில் ஒரு குடை அந்த முறைப்படியே சுருட்டியிருந்தது. ஆனால் தண்ணீர் சொட்டியது. அவரைத் தவிர இப்படிச் சுருட்டத் தெரிந்தவள் அவர் மகள் ஒருத்திதான். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டவளை, “சாவுக்குக்கூட இந்தப் படி ஏறாதே” என்று விரட்டியது அவர்தான். “ஒருதரம் கூப்பிடுங்க” என்று கடைசிவரை கெஞ்சிய மனைவி உள்ளே கிடக்கிறாள். பெண்கள் கூட்டத்தோடு மகள் எப்போது நுழைந்தாளோ! காயக்கூட விடாமல் சுருட்டியிருக்கிறாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் போய்விடுவாள். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கமும் இல்லை.

அவர் பட்டையை அவிழ்த்து அந்தக் குடையையும் விரித்து வைத்தார்.

“அது என் குடை,” என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

அவர் திரும்பவில்லை.

“இன்னும் காயலியேம்மா,” என்றார்.