சிரித்தால் வலிக்கும்

பித்தப்பையை எடுத்துவிட்டு முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்த பழைய கப்பல் மெக்கானிக், கட்டிலில் உட்கார்ந்து புலம்பினார்.

"ஆபரேஷன் வயித்துல. தோள்பட்டை ஏன் வலிக்குது?"

"ஆபரேஷனப்போ வயித்துக்குள்ள அடைச்ச காத்துதான். மெல்ல நடந்தா சரியாயிடும்," என்றாள் மனைவி. "எண்ணெய்ப் பலகாரம்னு கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்காதீங்க. சிரிப்பு வந்தா தலையணையை வயித்தோட அணைச்சுக்கோங்க. இல்லேன்னா தையல் சுண்டி இழுக்கும்."

"பெரிய டாக்டரம்மா!" என்று சிரித்தவர், அலறிக்கொண்டு தலையணையைத் தேடினார்.

வலி அடங்கியதும் பழைய ஞாபகம் வந்தது.

"அப்பல்லாம் துறைமுகத்துல இறங்கி போன் பண்ணி ஜோக் சொன்னா, விழுந்து விழுந்து சிரிப்பே. ஒரே ஒரு தடவை மட்டும் உம்முன்னு போனை வச்சிட்டே. என்ன கோபம்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லலியே?"

"கோபமா? அன்னிக்கு என் மடியிலயும் ஒரு தலையணை இருந்துச்சுங்க."

பிளாஸ்டர் மாற்ற அவர் சட்டையை விலக்கி, பழையதை உரித்தாள். அவர் குனிந்து பார்த்தார். நான்கு சின்னத் தையல்கள். தன் வயிற்றில் இருப்பது எண்ணெய் தெறித்த தழும்பு என்று அவள் சொல்லியிருந்தாளே, அதே நான்கு இடங்கள்.

"நடுக்கடல்ல கிடந்து தவிப்பீங்கன்னுதான் சொல்லல," என்றாள் புதுப் பிளாஸ்டரை ஒட்டியபடி.

அவர் உடம்பு குலுங்கியது.

"சிரிக்காதீங்கன்னு சொன்னேன்ல?"

அவர் சிரிக்கவில்லை.