இரண்டு ஆள் வேலை

"ஜெரால்டின், கொஞ்சம் வந்து படகுல உக்காரு. இது ரெண்டு ஆள் வேலை."

மாசாய் ஊரில் தங்கள் வீட்டு வாசலில், டிரெய்லர் மேல் நின்ற படகின் பின்னாலிருந்து கேப்ரியல் கூப்பிட்டார். மனைவி ஜெரால்டினின் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம் நடந்த அன்று இவர் மீன்பிடிக்கப் போய்விட்டார். அதிலிருந்து அவள் இவரிடம் பேசுவதில்லை. இப்போதும் பேசாமலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"இன்ஜினைத் தூக்குற பம்புல காத்து புகுந்துடுச்சு. பாதியிலேயே நின்னுடுது. ஏத்தி இறக்கி எண்ணெய் ஊத்துனா காத்து போயிடும். நான் சொல்றப்ப அந்த சுவிட்ச அமுக்கு. மேல."

பழைய இன்ஜின் முனகிக்கொண்டே எழுந்தது. கேப்ரியல் பம்பின் மூடியைத் திறந்தார். எண்ணெய் நுரைத்திருந்தது. கொஞ்சம் ஊற்றி மூடினார்.

"கீழ."

"உங்கள மாதிரியேதான் இதுவும். கோயிலுக்குக் கூப்பிட்டா பாதியிலேயே நின்னுக்கும்."

கேப்ரியல் இன்ஜினுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். மேல, கீழ என்று அது நீண்டது. நடுவில் தங்கை குழந்தையின் பேர், மச்சானின் புதுக் கார் எல்லாம் வந்துபோயின. நுரை நின்று வெகுநேரமாகியிருந்தது.

அடுத்த வீட்டுக் கமலநாதன் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தான்.

"ஏண்ணே, இன்ஜின்லயே ஒரு சுவிட்ச் இருக்கே, உங்க கைகிட்ட. நீங்க ஒருத்தரே செஞ்சிருக்கலாம் லா."

கேப்ரியல் எண்ணெய்ப் போத்தலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியும் தம்பி," என்றாள் ஜெரால்டின். "போன தடவை இவரு தனியாத்தான் செஞ்சாரு. ஜன்னல்ல இருந்து பார்த்தேன்."

பிறகு கணவர் பக்கம் திரும்பினாள்.

"என்ன நிக்கிறீங்க? இன்னும் காத்து இருக்கும். மேலயா, கீழயா?"